இன்னும் அஞ்சு நிமிஷம் லைன்ல இருக்கேன்

மேடையில் வீற்றிருக்கும் நம் நிறுவன இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சாரின் துணைவியார், ஆசிரியை அம்மா அவர்களே, இந்த அறைக்கு வந்திருக்கும் எட்டுப் பேரே, எதிர்ச்சுவர்த் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் பதினோரு பேரே, அனைவருக்கும் என் வணக்கம். சாருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதை, என் பேச்சைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நம் குழுத் தலைவரை நாம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. ‘அஞ்சு நிமிஷம் சார்’ என்போம். எதனால் அந்தப் பட்டம்? தினமும் வீடியோவில் நடக்கும் காலைக் கூட்டம் முடிந்ததும் தவறாமல் சொல்வார்: “நான் இன்னும் அஞ்சு நிமிஷம் லைன்ல இருக்கேன். ஏதாவது பேசணும்னா இருங்க.” அவர் சொல்லி முடிப்பதற்குள் நாம் லைனை வெட்டியிருப்போம். முதல் ஆள் நான்தான்.

பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் அலுவலகத்தில் என்று ஆன பிறகு, நம்மை ஒரே குழுவாகக் கட்டிக் காத்தவர் யார்? அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னவர் யார்? “நாம இங்க சிரிச்சா, வீட்ல இருக்கறவங்களுக்கு எதுக்குன்னு தெரியாதுப்பா” என்றார். நான் அதைக் கெடுபிடி என்றே நினைத்தேன்.

குழந்தை பெற்றுத் திரும்பிய நம் மென்பொருள் சோதனைப் பிரிவுத் தங்கை ஒருநாள் லைனிலேயே இருந்துவிட்டாள். பேச வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. “நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நான் என் வேலையப் பாக்கறேன், நீ பாட்டுக்கு இரு” என்று நாற்பது நிமிடம் கூடவே இருந்தார். அவள் இப்போது திரையில் இருக்கிறாள். தலையாட்டுகிறாள், பாருங்கள்.

போன வாரம் ஆசிரியை அம்மா என்னிடம் சொன்னார்: “யாராவது ஒருத்தர் இருந்துட்டா, அன்னிக்கு நல்லா சாப்பிடுவார். பெரும்பாலும் யாரும் இருக்கறதில்லப்பா.”

அந்தச் செவ்வாய்க்கிழமை சார் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். வழக்கம்போல் அஞ்சு நிமிஷம் என்றார். வழக்கம்போல் வெட்டினோம். பிற்பகல் இரண்டு மணிக்கு என் திரையில், ‘கூட்டம் நடக்கிறது, ஒருவர் இருக்கிறார்’ என்று காட்டியது. சார் வெட்ட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. “சார் தனியா மீட்டிங் போட்டுக்கிட்டிருக்கார்” என்று குழுவில் எழுதினேன். பதினான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நான்கு மணிக்கு அம்மா பள்ளியிலிருந்து வந்தபோது சார் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். லைன் அப்போதும் திறந்துதான் இருந்தது.

“உடனே பார்த்திருந்தா...” என்று டாக்டர் தொடங்கினார். அம்மா நிற்பதைப் பார்த்து அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். வீட்டில் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும்போதெல்லாம் அதை நான் முடித்துப் பார்க்கிறேன். அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவுகூட எனக்கு இல்லை.

நாளை முதல் காலைக் கூட்டம் என் பொறுப்பு. சார் நடத்தியபடியே நடத்துவேன். எந்தக் கூட்டத்திலும் ஒருவர் மட்டும் மிஞ்சியிருப்பதாகக் காட்டினால், உள்ளே போய் அவரைக் கூப்பிடுவேன். இது சாருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என் உரை முடிந்தது, கூட்டமும் முடிகிறது. திரையில் இருப்பவர்களே, நான் இன்னும் அஞ்சு நிமிஷம் லைன்ல இருக்கேன். பேச ஒண்ணும் இல்லன்னாலும் இருங்க.