கோழிக்கு மூன்று நாள்

“கோழிக்கு இன்னும் ஒரு நாள் கிடக்கு ராத்தா.”

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் மத்தியான பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள்; ராத்தா என்றது பக்கத்திலிருந்த அக்காவை. கண்ணை மூடிக்கொண்டே கதைத்தாள்.

“அவர் ஆஸ்பத்திரியால வந்து சூப்புக் கேட்கிறார். இது குப்பை கிளறித் திண்ட கோழி. மூணு நாள் கூட்டுல அடைச்சி, நெல்லுப் போட்டுத்தானே அறுக்கணும்.”

“ஓம், அதுதானே முறை. அதுவரைக்கும் மீன் ஆக்கிக் குடுங்களன்.”

“நேத்து ஒரு பாரை வெட்டினன் ராத்தா. அதுட வயித்துக்குள்ள சின்ன மீன். சின்ன மீன்ட வயித்துக்குள்ள பிளாஸ்டிக் சொப்பிங் பேக் துண்டு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“பிறகு?”

“மீனை எந்தக் கூட்டுல அடைக்கிற? கழுவி ஆக்கினன். எல்லாரும் திண்டம்.”