கையால் தூக்கிய கால்கள்: மருத்துவர் தெல்மா ரூர்க் அவர்களுக்கு

குவீன்ஸ்லாந்தின் வடகரையில், கரும்பு வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்தி இன்று ஓய்வு பெறும் மருத்துவர் தெல்மா ரூர்க் அவர்களே! அறிந்ததை அளந்தும் அறியாததை அஞ்சாமலும் சொன்னவரே! வணக்கம்.

இரத்த அழுத்தம் சரிந்தவருக்குச் சலைன் என்னும் உப்புநீர் உயிர் காக்கும். மிகுந்தால் நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டும். யார் உடல் அதை ஏற்கும் என்றறிய, கட்டிலைச் சாய்த்துக் கால்களை உயர்த்தி, அங்குள்ள இரத்தம் இதயத்துக்குத் திரும்பும்போது இதயம் வெளியேற்றும் இரத்தம் கூடுகிறதா என்று பார்க்கிறோம். பெரும்பாலும் சரியாக இருக்கும். சில சமயம் ஏமாற்றும்.

அப்படி ஏமாற்றியதை, செவிலியாகிய நான் ஒருநாள் நோயாளியின் மனைவியாக உட்கார்ந்து பார்த்தேன். என் கணவர் கிளைவின் இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. கட்டிலைச் சாய்க்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. அவர் கால்களைக் கையாலேயே தூக்கினீர்கள். மானிட்டரில் அந்த அளவைக் காட்டும் எண் ஏறியது. கால் லிட்டர் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, நகராமல் நின்றீர்கள். அழுத்தம் அசையவில்லை, அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னொரு பை போட்டுப் பாக்கலாமே, டாக்டர்? டெஸ்ட்டு நல்லாத்தானே காட்டுச்சு?" என்றார் பயிற்சி மருத்துவர் ஜாரட்.

"வேணாம், நிறுத்துங்க. முட்டிவலிக்காரர் காலை நான் கையால தூக்கிட்டேன். வலியில இதயம் துள்ளியிருக்கு. என் தப்பு, ஊனா" என்று என் பக்கம் திரும்பினீர்கள்.

முகமூடிக்குள்ளிருந்து கிளைவ் சொன்னார்: "இவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிறீங்களே! என் பொண்டாட்டிக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, டாக்டர்."

"அவங்க எப்பத் தப்புப் பண்ணினாங்க?"

"பாத்தீங்களா, உங்களையும் கட்சியில சேத்துட்டா!"

அழுத்தத்தை உயர்த்தும் மருந்துக்கு மாறினீர்கள். மாலைக்குள் மூச்சு தெளிந்தது. ஆனாலும் நான்காம் நாள் கிளைவ் போய்விட்டார்.

கையால் காலைத் தூக்கக் கூடாது, கட்டிலைத்தான் சாய்க்க வேண்டும் என்று இங்கு வரும் ஒவ்வொரு புது மருத்துவரிடமும் சொல்கிறீர்கள். யார் செய்த பிழை என்பதையும் மறைப்பதில்லை. சரியாகச் செய்தாலும் அந்தச் சோதனை பொய்க்கக்கூடும், அதனால் கொஞ்சமாக ஏற்றி அருகிலேயே நில்லுங்கள் என்கிறீர்கள். உங்களால் எங்களுக்குப் பெருமை.

இந்தப் பிரிவின் வாசலை இனி மிதிப்பதில்லை என்றிருந்த நான், இறுதிச் சடங்கன்று உங்களைக் கேட்டேன்: "அந்தக் கால் லிட்டர்தான் அவரக் கொன்னுச்சா?"

"இல்லன்னுதான் நெனைக்கிறேன், ஊனா. ஆனா நிச்சயமாத் தெரியும்னு சொன்னா அது பொய்."

அன்று ஆறுதல் சொன்னவர்கள் பலர். உங்கள் சொல்லை நம்பித்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி சீருடை அணிந்தேன்.

நோயின்றி நெடுநாள் வாழ்க!

பிரிவின் பணியாளர்கள் அனைவரின் சார்பில்,
ஊனா பாஸ்கோ, செவிலி