நான்கு நிமிடச் சலுகை

ரப்பர் பூட்ஸ் வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக வாங்குவது நல்லது. உள்ளே இரண்டு ஜோடி காலுறை போடலாம். நாள் முழுக்கச் சேற்றில் நின்றாலும் கால் விறைக்காது. பத்தொன்பது வருடம் நின்றவன் சொல்கிறேன். இதை நீங்கள் எழுத வேண்டியதில்லை. உங்கள் சொந்த உபயோகத்துக்கு.

எங்கள் போட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றீர்கள். மோட்டார் சைக்கிள் போட்டி என்றதும் வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது அறுபது வருடத்துப் பழைய வண்டிகளை, ஏறக்குறைய அதே வயதுள்ள ஆண்கள், பாறை, வேர், சேறு, ஓடை என்று வண்டியே போகக் கூடாத இடமாகத் தேடிப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டிக் கடக்க வேண்டும். அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்த நாய் அவர்களை முந்திப் போய், மறுமுனையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

மதிப்பெண் குறைந்தவருக்கே கோப்பை. கால் ஒருமுறை பட்டால் ஒன்று, இருமுறை பட்டால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் மூன்று. விழுந்தால் ஐந்து. வெளியாள் யாராவது தொட்டுத் தாங்கினாலும் ஐந்து. ஐந்துக்கு மேல் எங்கள் அட்டையில் எண்ணே கிடையாது. இப்படிக் கடக்க வேண்டிய ஒவ்வொரு இடமும் ஒரு தடம். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கண்காணிப்பாளர் உண்டு. அவர் ஓட்டுகிறவரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, அட்டையில் உரிய எண்ணின் மேல் இடுக்கியால் ஓட்டை போடுவார். பேனா எழுத்து மழையில் கரையும், ஓட்டை கரையாது. நான் கண்காணிப்பாளர். பத்தொன்பது வருடத்தில் ஒரு மதிப்பெண்ணைக்கூட மறந்ததில்லை. இதை வேண்டுமானால் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கழகத்தில் இருபத்து மூன்று உறுப்பினர்கள். அதில் ஒன்பது பேர் துணைத்தலைவர்கள். தலைவர் என் தங்கையின் கணவர். இறந்துபோனவரும் அவர்தான்.

அவர் ஓட்டியது எங்கள் அப்பாவின் வண்டி. அப்பாவுக்குப் பிறகு நான்தான் அதை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போனேன். மூன்று முறை போய், மூன்று முறையும் முதல் தடத்திலேயே விழுந்தேன். "மச்சான், உங்களுக்கும் வண்டிக்கும் ஜாதகம் ஒத்துவரல. வண்டியை நான் பாத்துக்கிறேன், நீங்க விசிலைப் பிடிங்க" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு என் கழுத்தில் அவரே விசிலை மாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து கழகத்தில் என் பெயர் விசில் மச்சான். தங்கைகூட, "விளையாட்டுக்குத்தானேண்ணா சொல்றாங்க" என்றாள். விளையாட்டு என்று எனக்கும் தெரியும். சம்பவத்தன்று காலைகூட, தேநீர் வேளைக்குள் பதினோரு முறை அப்படிக் கூப்பிட்டார்கள். நான் எண்ணவில்லை, காதில் விழுந்தது.

மாப்பிள்ளை கொள்கைக்காரர். வண்டியில் இருக்கும் துருவைத் துடைக்க விடமாட்டார். அது அந்தக் காலத்துத் துருவாம். ஓட்டுகிறவர்களும் அந்தக் காலத்து உடையில்தான் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டார். முழங்கால் வரைக்கும் கம்பளிக் கோட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. காய்ந்திருக்கும்போது அந்தக் கோட்டு மூன்று கிலோ. நனைந்தால் எவ்வளவு என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு தீர்மானமும் அவருடையதே. ஒரு தடத்தைக் கடக்க முன்பு இரண்டு நிமிடம்தான் கொடுத்தோம். துணைத்தலைவர்களின் முழங்கால்களை உத்தேசித்து அதை நான்கு நிமிடமாக்கினார். மூத்தோர் சலுகை என்று பெயர். அந்த நான்கு நிமிடத்துக்குள் ஓட்டுகிறவரிடம் யாரும் குறுக்கிடக் கூடாது.

போன வருடம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். தொண்டர்களில் ஒரு நூலகர் அம்மா இருந்தார். பாறையின் மேல் மாப்பிள்ளை தள்ளாடியதைப் பார்த்ததும் பதறிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துவிட்டார். வெளியாள் உதவி; நான் ஐந்து போட்டேன். இரண்டு மதிப்பெண்ணில் கோப்பை கைவிட்டுப் போயிற்று. பரிசளிப்பு மேடையில், அத்தனை பேர் முன்னால், "உங்களை யாரும்மா தொடச் சொன்னது? புத்தகத்தை அடுக்குறதோட நிறுத்திக்கக் கூடாதா?" என்று மாப்பிள்ளை கேட்டார். அந்த அம்மா அப்புறம் வரவில்லை. மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. 'போட்டியாளரை யாரும், எந்தச் சூழ்நிலையிலும், தொடக் கூடாது.' கீழே தலைவரின் கையெழுத்து, பச்சை மையில். நனையாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். என்னுடையது உங்கள் மேசை மேல் இருக்கிறது.

சம்பவத்தன்று என் தடம் கடைசித் தடம், ஓடை. தண்ணீர் ஒரு சாண் ஆழம். என்னோடு ஒரு தொண்டர் இருந்தார். பல் டாக்டர், புதியவர், விதிகள் அவ்வளவாகத் தெரியாது. அடுத்த வருடம் அவரையும் துணைத்தலைவராக்குவதாகப் பேச்சு இருந்தது.

மாப்பிள்ளை வந்தார். அதுவரை அவர் அட்டையில் மொத்தமே இரண்டுதான், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "என்ன விசில் மச்சான், கண்ணாடி போட்டிருக்கீங்களா? போன தடவை மாதிரி என் நிழல் பட்டதுக்கெல்லாம் மார்க் போட்டுடாதீங்க" என்று சொல்லி அட்டையை என்னிடம் நீட்டினார். பல் டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். நேரம் பார்க்கும் கடிகாரத்தை அமுக்கினேன்.

பாசி பிடித்த பாறையில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி இடப்பக்கம் போயிற்று, அவரும் அதோடு போனார். கைப்பிடி நெஞ்சின் மேல், கோட்டுக் கை கிளட்ச் நெம்புகோலில் மாட்டிக்கொண்டது, முகம் தண்ணீருக்குள்.

"அண்ணே, தூக்கிடலாமா?" என்றார் பல் டாக்டர்.

"தொடாதீங்க. சுற்றறிக்கை படிச்சீங்கல்ல?"

"அவர் விழுந்துட்டாரேண்ணே."

"விழுந்தாரா சாய்ஞ்சாரான்னு நான்தான் சொல்லணும். இன்னும் தீர்மானிக்கல. சாய்ஞ்சவரைத் தொட்டா அநியாயமா அஞ்சு மார்க் வாங்கிடுவார்."

பல் டாக்டர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். நான் விசில் ஊதினேன். "டாக்டர், அந்த நூலகரம்மாவுக்கு ஆனதுதான் உங்களுக்கும். மேடையில நிக்கவெச்சுக் கிழிச்சிடுவார்" என்றேன். காலை எடுத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் என் விசிலுக்கு ஒருவர் இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் வலது கை தண்ணீரை அடித்தது. ஏழு முறை. கை பட்டால் மதிப்பெண் உண்டா என்பது விதிப்புத்தகத்தில் தெளிவாக இல்லை. அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"குமிழி வருதுண்ணே."

"வந்தா மூச்சு இருக்குன்னு அர்த்தம். டாக்டருக்கு நான் சொல்லணுமா?"

"நான் பல்லுக்குத்தாண்ணே."

எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல இடம் அது. வெயில் இலைகளுக்கு நடுவே சில்லறை சில்லறையாக விழும்.

"இப்ப குமிழி வரலைண்ணே" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் ஒரு நிமிஷம் பத்து செகண்ட் இருக்கு. அவர் போட்ட சலுகை. அதை அவருக்கே குறைக்கிறது நல்லா இருக்காது" என்றேன்.

நான்கு நிமிடம் முடிந்ததும் விசில் ஊதினேன். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவன் நான்தான். பல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார். என் பூட்ஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அவ்வளவுதான் ஆழம்.

கழகத்தில் அனுதாபக் கூட்டம் நடந்தது. முன்வரிசை நாற்காலிகள் எட்டுதான் இருந்ததால் துணைத்தலைவர்களுக்குள் கொஞ்சம் மனஸ்தாபம். 'விதிகளுக்காகவே வாழ்ந்தவர்' என்று ஒருவர் பேசினார். எனக்குக் கண் கலங்கியது. தங்கை என்னோடு பேசுவதில்லை. வண்டி எங்கள் வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதன் துருவை நேற்றுத்தான் துடைத்தேன். உள்ளே நல்ல நீல நிறம். அப்பா வைத்திருந்தபோது அப்படித்தான் இருந்தது.

அட்டையைக் காட்டுகிறீர்கள். பல் டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. மாப்பிள்ளை தண்ணீருக்குள் போனதும், தான் வாயைத் திறப்பதற்கு முன்பே, என் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது என்று. அவருடைய தொழிலில் சின்னச் சத்தங்கள் நன்றாகக் கேட்கும்.

ஆமாம், அது என் இடுக்கிதான். ஐந்தில் ஓட்டை போட்டேன். விழுந்தார், அதில் சந்தேகமே இல்லை. பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. வேலையைத் தள்ளிப்போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஐந்து ஏற்கெனவே விழுந்துவிட்டது, தொட்டிருந்தாலும் அதே ஐந்துதானே, அவருக்கு இழப்பதற்கு என்ன பாக்கி இருந்தது என்கிறீர்கள். சரியான கேள்வி. அந்த நான்கு நிமிடமும் அது என் நினைவுக்கு வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு மதிப்பெண்ணைக்கூட மறந்ததில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.