மாமியாரும் ஏழு மருமகள்களும்

எட்டுக் கம்ப்யூட்டர்களை ஒரே அறையில் வைத்து ஓட்டினால் முதலில் தலைவலி கொடுப்பது கணக்கு இல்லை சார், சூடு. இது பலருக்குத் தெரியாது. அதனால்தான் அண்ணன் அறையைக் கேட்டேன். வீட்டில் ஏசி இருந்தது அங்கே மட்டும்தான்.

அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலோடு இருந்தார். நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அங்கே கழித்துக் கட்டிய எட்டுப் பெட்டிகளை அனுமதிக் கடிதத்தோடுதான் கொண்டுவந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் திருடவில்லை.

ஒரு பெரிய கணக்கை எட்டாகப் பிரித்து எட்டுப் பெட்டிக்கும் கொடுப்பது, அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே அதைப் போட்டு முடிப்பது, அவ்வளவுதான் விஷயம். ஒரு பெட்டி வேலை ஏவும், மற்ற ஏழும் செய்யும். இதைச் சொன்னதும் அண்ணன், "அப்போ இது மாமியார், அதுங்க ஏழும் மருமகளுங்க" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பெயர்களை எழுதி நானே ஒட்டினேன். மூன்றாவது மருமகள் மட்டும் அடிக்கடி கோபித்துக்கொண்டு படுத்துவிடுவாள். "பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுடா அவளை" என்பார். நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எனக்கு நினைவில்லை. எட்டு விசிறிகளும் முதன்முதலாக ஒன்றாகச் சுழன்ற மத்தியானம் நான் அந்த அறைக்குள்ளேயே ஆடினேன். நாற்பத்தாறு வயதில். அவர் படுத்தபடியே தாளம் போட்டார்.

அண்ணிக்குத்தான் பிடிக்கவில்லை.

"தம்பி, ஆக்சிஜன் சிலிண்டரை ஏன் அந்த மூலைக்குத் தள்ளிட்டீங்க? ஒரு அவசரம்னா எடுக்க முடியுமா?"

"இன்வெர்ட்டர் இருக்கே அண்ணி. சிலிண்டருக்கு வேலையே வராது."

இன்வெர்ட்டர் ஆக்சிஜன் இயந்திரத்துக்காக வாங்கியது. அந்த இயந்திரத்தையும் எட்டுப் பெட்டிகளையும் சேர்த்து இன்வெர்ட்டர் தாங்கவில்லை. ஆகவே வியாழக்கிழமை காலை, ஆக்சிஜன் இயந்திரத்தின் பிளக்கை இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து பிடுங்கிச் சாதாரணச் சுவர் இணைப்பில் செருகினேன். அதே மின்சாரம்தானே. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

அன்றுதான் முதல் பெரிய சோதனை. ஓர் அறைக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்ற கணக்கு. ஆறு மணி நேர ஓட்டம். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு வசதி உண்டு. அது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் நிறுத்தி வைத்திருந்தேன். அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

ஏசி நின்றது. என் பெட்டிகள் நிற்கவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது சார். எட்டு விளக்குகளும் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன. பின்னால் ஆக்சிஜன் இயந்திரத்தின் அலாரம் கத்தத் தொடங்கியது. மாமியார் திரையில் மீதி நேரம் பத்தொன்பது நிமிடம்.

சிலிண்டர், பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரியை நகர்த்தினால் கேபிள் கழன்றுவிடும். ஒரு மருமகள் விலகினாலும் மொத்தக் கணக்கும் போச்சு. பிளக்கை மாற்றினால் இன்வெர்ட்டர் படுத்துவிடும். எல்லாவற்றையும் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பிறகு அலாரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அந்தச் சத்தத்தில் கவனம் சிதறியது.

அண்ணன் கையைத் தூக்கினார்.

"பத்தொம்பது நிமிஷம்தாண்ணா. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ."

கட்டில் கம்பியைத் தட்டினார். முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக. உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது தட்டுவது நின்றது. நின்றது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. எண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை.

முடிந்தது. விடை துல்லியம். மூன்றாவது மருமகள்கூடச் சொதப்பவில்லை. நான் கையைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு அலமாரியை நகர்த்தி, சிலிண்டரை இழுத்து, திறந்து, குழாயை அண்ணனுக்கு மாட்டினேன். எல்லாம் முறைப்படி. நிமிர்ந்தபோது அண்ணி மருந்துப் பையோடு வாசலில் நின்றார்.

"என்ன தம்பி ஆச்சு?"

"முடிஞ்சிருச்சு அண்ணி" என்றேன். நான் சொன்னது கணக்கை.

விபத்து என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். வேண்டாம் சார். பத்தொன்பது நிமிடமும் எனக்குக் கை இருந்தது, கால் இருந்தது, என்ன ஆகும் என்று தெரிந்தும் இருந்தது. நான்தான் செய்தேன். ஆனால் அண்ணனுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை என்பதையும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டம் பாதியில் நின்றிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியாது.