வெள்ளிப் பூட்ஸும் ஒரு சுரமும்

வெள்ளி நிறப் பூட்ஸைக் கடற்காற்றில் துடைக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் பல்லிளித்துவிடும், மேடம். மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, இதை முப்பது வருடமாகத் துடைத்தவன் நான். ஈரத்துணி ஆகாது. பழைய பனியன்தான் சரி.

என் இடது கை மேசையைத் தட்டுவதைப் பொருட்படுத்தாதீர்கள். பயமில்லை. அந்த விரல்கள் சும்மா இருந்து பழகாதவை.

இதைப் போட்டிருந்தவனை உலகம் ஒரையன் ஸ்டார் என்று அழைத்தது. உல்வர்ஹாம்ப்டன் என்ற தொழிற்சாலை நகரத்தில் அவன் நார்மன் கிராப், மீன் வறுவல் கடைக்காரர் மகன். எழுபத்து மூன்றாம் வருடத்தில் கண்ணிமையில் மினுக்குப் பொடியும் தோளில் வான்கோழி இறகுமாகக் கிட்டாரோடு தொலைக்காட்சியில் வந்தான். நாட்டில் பாதிப் பையன்கள் அன்றே அக்காமாரின் உதட்டுச்சாயத்தைத் திருடினார்கள்.

இசைத்தட்டில் வாசித்தது அவனல்ல, நான். அன்று அதுதான் வழக்கம். அழகானவன் புகைப்படத்துக்கு, வாசிக்கத் தெரிந்தவன் ஒலிப்பதிவுக்கு. தொலைக்காட்சியில் தட்டை ஓடவிட்டு, வாசிப்பதுபோல் துள்ளினால் போதும். தயாரிப்பாளர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உன் கை மட்டும் போதும்ப்பா, வில்ஃப்" என்றார். நியாயமான மனிதர்.

நார்மன் பிறகு தட்டைக் கேட்டுக் கேட்டு மேடைக்காகக் கற்றுக்கொண்டான். நான் அவன் கிட்டாருக்குச் சுருதி சேர்த்தேன், பூட்ஸ் துடைத்தேன்.

அவனைப் பிரபலமாக்கிய அந்தப் பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் ஒரு சுரம் இருக்கிறது. உங்கள் கணவரும் வாசிப்பார் என்றீர்களே, அதுதான். ஒலிப்பதிவில் என் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டது. இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்றேன். அடுத்த இசைக்குழு கதவுக்கு வெளியே நின்றது. அப்படியே போய்விட்டது. பின்னாளில் ஒரு பேராசிரியர் அதைத் தொழிற்சாலை நகரத்தின் விம்மல் என்று எழுதினார். கிட்டார் வகுப்புகளில் அந்த விம்மலுக்குத் தனிப் பயிற்சி உண்டு. நார்மனின் வீட்டுச் சுவரில் அவனைப் பாராட்டிப் பலகை வைத்தார்கள். நானும் கூட்டத்தில் நின்று கைதட்டினேன்.

போன வாரம், நாங்கள் கச்சேரி செய்யும் இந்தக் கடற்கரை விடுமுறை முகாமின் ஒப்பனை அறையில், நார்மன் தேநீர் குடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"வில்ஃபு, முழங்கால் ரெண்டும் துருப்பிடிச்ச கேட்டு மாதிரி கத்துது. சனிக்கிழமையோட முடிச்சுக்கறேன். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மைக்ல உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"என்ன உண்மை?"

"தட்டுல வாசிச்சது நீதான்னு. உனக்கு வரவேண்டிய கைதட்டலை எல்லாம் நான் வாங்கிப் போட்டுக்கிட்டேன்டா." பிறகு சிரித்தான். "விரல் வழுக்கின கதையையும் சேர்த்துச் சொல்லலாம். ஜனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

"அது எதுக்கு இப்ப?"

"அட லூசு, அதுதானே கதையில நல்ல இடமே."

அதற்குமேல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் உட்கார்ந்தேன். துடைத்த பூட்ஸையே திரும்பத் துடைத்தேன். வெளியே யாராவது சிரித்தால் கதவைத் திறந்து பார்த்தேன். பாவம், நார்மனுக்குத் தன் புகழின் அருமை தெரியவில்லை. அது அவன் வீட்டுச் சொத்தா என்ன? ஒரு தலைமுறைக்குச் சொந்தமானது. யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாதாரணச் செருப்போடு மேடையேறுவதாக இருந்தான். "கடைசித் தடவை. ஜனம் பூட்ஸைத் தேடும்" என்றேன்.

"நீ சொன்னா சரிடா" என்று குழந்தைபோல் காலை நீட்டினான். நானே மாட்டிவிட்டேன்.

அந்தப் பாட்டின் நடுவே ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலிருந்து குதிப்பதை, முழங்கால் கத்தினாலும், அவன் விட்டதில்லை. வலது பூட்ஸின் உயரமான குதியைப் பிடித்திருந்த திருகுகளை மதியமே கழற்றியிருந்தேன். மிச்சமிருந்த பசை நடப்பதற்குத் தாங்கும், குதிப்பதற்குத் தாங்காது.

தாங்கவில்லை. கழுத்து மடங்கி விழுந்தான். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

திருகுகளை என் கோட்டுப் பையிலிருந்து எடுத்தீர்கள். நல்ல பித்தளை, வீசியெறிய மனம் வரவில்லை.

ஆக, நார்மனைக் கொன்றது நான்தான். ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒலிப்பதிவில் விரல் தவறியது என்று சொன்னேனே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது தவறவில்லை, மேடம். அந்தச் சுரத்தை நான் வேண்டுமென்றேதான் வாசித்தேன்.