கோரையூர் டேஷன் பலகை

"எங்கூருக்குக் குடுத்த டேஷனை மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரு ஒரே வாரத்துல புடுங்கி மூங்கிலூராளுங்களுக்குக் குடுத்துட்டாரு. எங்க பலாப்பழத்தையும் தின்னுட்டு ஏமாத்திட்டாரு."

இதானே சார் எழுதியிருக்கு? போதும், இன்னொரு தபா படிக்காதீங்க, காது வலிக்குது. கோரையூரு ஊர்க்கவுண்டர் மாதையன்... பெரிய மனுஷன், நான் இல்லேங்கல. ஆனா ஒரு மனுன்னா அதுல கொஞ்சம் புத்தி வேணாமா? இந்த மலைல பஸ்ஸே ஒரு நாளைக்கு ரெண்டு தபா. ரயிலப் பாக்கணும்னா கீழ ஜோலார்பேட்டைக்கு எறங்கணும். இங்க ஏது டேஷன், புடுங்கறதுக்கு? எங்க வூட்டுக்காரர், அதான் அந்தக் கம்பவுண்டரு, உள்ரூம்ல ஒரு பலகை மேல பொம்மை ரயில் ஓட்றாரு. அதுல அட்டைல செஞ்ச டேஷன் ஒண்ணு, என் சுண்டுவெரல் ஒசரம். அதுக்கு மனு. அதை விசாரிக்க வேலூர்லருந்து நீங்க, ஒரு ஜீப்பு, ஒரு டிரைவரு.

உக்காருங்க கோபால்சாமி சார். அந்த ஸ்டூல்ல வேணாம், அதுல ஒரு பாலம் காயுது. இப்டி நாற்காலில. அவரு மாட்டுக்குக் கோமாரி ஊசி போடப் போயிருக்காரு, வர சாயந்தரம் ஆவும். வந்தாலும் அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன் கேளுங்க.

அவருக்கு எஞ்சின் டிரைவர் ஆவணும்னு ஆசை சார். எல்லாத்துலயும் பாஸ் பண்ணாரு, கண்ணு டெஸ்ட்ல போச்சு. செவப்பும் பச்சையும் அவருக்கு ஒண்ணு. கல்யாணத்துல என் பொடவை இன்னா கலர்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஆனா நல்லாருக்குங்கறாரு. சரின்னு மாட்டு வைத்தியம் படிச்சு, இங்க போஸ்டிங்கு. எண்பத்திரண்டுல எங்கண்ணன் சிங்கப்பூர்லருந்து வந்தப்ப ஒரு எலக்ட்ரிக் ரயில் கொண்டாந்தான். ஒரு எஞ்சின், மூணு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். எனக்கு மிக்ஸி கொண்டாடான்னு எழுதியிருந்தேன் சார், மிக்ஸி. அன்னியோட எனக்கு உள்ரூம் போச்சு.

மொதல்ல வட்டமா ஓட்டினாரு. அதுல இன்னா இருக்கு, செக்குமாடு மாதிரின்னேன். வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். அப்ப ஜோலார்பேட்டைலருந்து இங்க வரைக்கும் லைன் போடறேன்னு ஆரம்பிச்சாரு. பத்தடிக்கு எட்டடி ரூம்ல. அதுலயும் ஒரு பக்கம் பீரோ. மலைய ஒசரமா வெச்சா எஞ்சின் ஏறாதாம், சக்கரம் வழுக்குமாம். அதனால ஜவ்வாது மலைய ஒரு சாணுக்கு எறக்கிட்டாரு. வளைவைப் பெருசா போட்டா கட்டில் இடிக்குது. கட்டில வெளில போட்டாரு. அப்பவும் இடிச்சுது, அரிசி மூட்டைய நகத்தினோம். ஒவ்வொண்ணுக்கும், "இன்னா பண்றது அம்சா, விட்டுக்குடுக்கணும்"பாரு. யாரு விட்டுக்குடுத்தது? அரிசி மூட்டையும் நானும்.

மலைக்குப் பச்சை அடிங்கன்னா பழுப்பா அடிச்சு வெச்சாரு. சித்திரை மாசம்னு நெனைச்சுக்கோங்கறாரு. அப்புறம் நான்தான் ஒக்காந்து மாத்தி அடிச்சேன். சிக்னலும் நான்தான், அவரை நம்பி விட்டா செவப்புலயே வண்டி போவும். பெட்டிங்க வெளிநாட்டுக் கலர்ல இருந்துது, நம்மூர் வண்டி மாதிரியே இல்ல. சிமெண்ட் தரைக்குப் போடற செவப்பைக் கொழச்சு அடிச்சேன். மரம் எதுல செஞ்சிருக்கு தெரியுமா? காஞ்ச பீர்க்கங்கூடு. பிச்சுச் சாயத்துல முக்கினா அசல் புளியமரம். அது என் யோசனை. குகைக்கு நியூஸ்பேப்பர் ஊற வெச்சு என் ஆட்டுக்கல்லுல ஆட்டி... அதுவும் என் யோசனைதான், வுடுங்க. தண்டவாளத்துக்கு நடுவுல ஜல்லிக்குப் பதிலா சாமை அரிசிய ஒட்டினது மட்டும் அவரு. மறுநாளே எலி வந்து லைனையே பேத்துட்டுது. ரெண்டு நாள் போக்குவரத்து நிறுத்தம். சிரிக்காதீங்க சார், அவரு அதுக்கு அறிவிப்பு எழுதி கதவுல ஒட்டினாரு.

இருங்க, அடுப்புல பால் பொங்குது. காபி கலந்துட்டே சொல்றேன், இங்கருந்தே கேக்கும்.

எல்லாம் இந்த செல்லியால சார். பால் கொண்டார்ற பொம்பள. ஒரு நாள் உள்ள எட்டிப் பாத்துட்டு, "இன்னாம்மா, இவ்ளோ வயசாவுது, ஐயா பொம்ம வச்சி வெளாட்றாரு"ன்னு சிரிச்சா. சிரிச்சா பாருங்க, பால் சொம்பு ஆடுது. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் திட்டலாம் சார் அவரை. இவ யாரு? அது பொம்மை இல்லடி, சர்க்கார்ல இங்க ரயில் வுடப் போறாங்க, அதுக்கு மாதிரி செய்யச் சொல்லி ஐயாகிட்ட குடுத்திருக்காங்கன்னேன். அவ சிரிப்பு அப்டியே நின்னுச்சு. பால்ல தண்ணி கூட அன்னிலருந்து கம்மி.

நான் சொன்னது செல்லிக்கிட்ட மட்டும். ஆனா நாலாம் நாள் மாதையன் வாசல்ல நிக்கறாரு, தலைல பலாப்பழம். டேஷன் எந்த ஊருக்குன்னு கேக்கறாரு. தலைல பழத்தோட நிக்கற மனுஷனை எப்டி சார் வெறுங்கையா... சரி, வெறுந்தலையா அனுப்பறது? டேஷனுக்குப் பேரே வெக்கல அப்ப. கோரையூர்னு ஒரு பலகை எழுதி நட்டேன். அவரு கிட்டப் போயி தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. சாயந்தரம் எங்க வூட்டுக்காரரும் பாத்தாரு. டேஷனுக்குப் பேர் வந்துட்டுதே அம்சான்னு சின்னப் புள்ள மாதிரி பூரிச்சுட்டாரு. எனக்கும் நல்லாத்தான் இருந்துது.

மறுவாரம் மூங்கிலூர்ப் பெரியவரு ராஜாக்கண்ணு வந்தாரு. அவருகிட்ட பழம் ரெண்டு. அதோட தேனு. கோரையூரைக் கழட்டிட்டு மூங்கிலூர் நட்டேன். அவங்க போனதும் திருப்பி மாத்திடுவேன். ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே நாள்ல வர மாட்டாங்கன்னு ஒரு தைரியம். கோமாரி ஊசி நாள்னு ஒண்ணு இருக்கறதை மறந்துட்டேன் சார். ரெண்டு ஊர் மாடும் ஒண்ணா வந்துது, ரெண்டு ஊர் ஆளும் பின்னாலயே. பலகைல அன்னிக்கு மூங்கிலூரு. வாசல்ல ஒரே கூச்சல். போயி இவரைக் கேட்டிருக்காங்க, எங்க டேஷன் எங்கன்னு. இவரு கைல ஊசி, கண்ணு மாட்டு மேல. பொம்மையப் பத்திக் கேக்கறாங்கன்னு சந்தோஷமா, "இருக்கற எடத்துல ஒரு டேஷன்தான்யா போட முடியும், ரெண்டு வெச்சா ரெண்டுமே பொய்யாத் தெரியும்"னுட்டாரு. உள்ளதைச் சொன்னாரு. அவங்களுக்கு அது ஆர்டர் போட்ட மாதிரி ஆயிட்டுது.

சக்கரை கம்மியா போடட்டுமா சார்? சார்?

நீங்க அவருக்கு மாத்தல்னு எழுதுவீங்க, எனக்குத் தெரியும். ஆபீஸ்ல அதானே சுலபம். ஆனா ரயில் ஓட்ற அந்தப் பெரிய பலகை கதவ விடப் பெருசு. உள்ளயே வெச்சு அடிச்சது, வெளில வராது. ரம்பம் போட்டுத்தான் அறுக்கணும். எங்கன்னு அறுப்பீங்க, குகைலயா, பாலத்துலயா? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, விட்டுக்குடுக்கணும்பாரு. எனக்கு அது வேணாம் சார்.

மனுவோட குண்டூசி குத்தி ஒரு அட்டை இருக்குதே, நான் கழட்டி வெச்சிருந்த கோரையூர் பலகை, சாட்சிக்குன்னு மாதையன் எடுத்துட்டுப் போனது, அதைப் பாருங்க. தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், அசல் ரயில்வே வரிசை. எழுத்து கோட்டை வுட்டு நகராது. கம்பவுண்டர் எழுத்தா அது? அவரு எழுத்தைப் பாத்தா மாடே மெரளும். கான்வென்ட்ல சிஸ்டர் முட்டில ஸ்கேலால அடிச்சு வந்த எழுத்து சார். அதனால எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க. அம்சவல்லி, சம்சாரம், பொய் சொன்னது, பழம் தின்னது, எல்லாம் அவதான்னு. பழத்துல அவருக்கு ரெண்டு சுளை குடுத்தேன். ரெண்டே ரெண்டு.

இந்தாங்க காபி... நாற்காலில காணமே. ஜீப்பு வெளிலதான் நிக்குது. அது இன்னா சத்தம்?

ஓ. உள்ரூமுக்கு வந்து ரயில் குமிழைத் திருகிட்டீங்களா.

மெதுவா சார், மெதுவா. ஏத்தத்துல அவசரப்பட்டா கடைசிப் பெட்டி கழண்டுக்கும். கரண்ட் கம்மியா இருக்கு, அப்டியே புடிங்க... தா, ஏறுது பாருங்க. குகைக்குள்ள போவுது. இப்ப வெளில வரும், வந்ததும் டேஷன்ல நிறுத்தணும். மூங்கிலூரை நான் கழட்டி அடுப்புல போட்டுட்டேன், இப்ப பேரே இல்லாம நிக்குது. மனுலருந்து அந்தக் கோரையூர் பலகைய எடுத்து இப்டி குடுங்க சார்...

சார்? ஒரே ஒரு குண்டூசிதானே, கழட்டிக் குடுங்களேன்.