நல்லையாவின் பங்கு அரிசி

காலை மணி ஏழு. கும்மிருட்டு.

சிரிக்காதீர்கள். ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டான். சூரியனிடம் யாரும் சொல்லவில்லை. கடிகாரம் ஏழு அடித்தபோது வானம் பழைய ஐந்தரையிலேயே கிடந்தது. காஜா பெராங் சாலையில் விளக்கு இல்லை... நாய்கூட இல்லை... (நாய்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டாம், அது பஞ்ச காலம்.) ஒரே ஓர் ஆள் மட்டும் நடந்துகொண்டிருந்தார்.

அவர் சேதுபதி. இதோ நம்மோடு உட்கார்ந்திருக்கிறானே ஜெயபாலன், அவனுடைய தாய்மாமன். சொல்வதில் ஒரு வார்த்தை கூடினால் அவனே தடுக்கட்டும்.

சேதுபதி அரிசிக் கார்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த வட்டாரத்தில் மூச்சு விடுகிற எல்லாருடைய பெயரும் வயதும் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பெயர் இருந்தால் அரிசி. இல்லாவிட்டால் மரவள்ளிக்கிழங்கு. அன்று காலை அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். முந்தின நாள், வீட்டு நாற்காலி உறுதியானதுதான் என்று மனைவி சிவகாமசுந்தரிக்கு நிரூபிக்க அதில் தொப்பென்று உட்கார்ந்தார். நாற்காலி தாங்கியது. அதன்மேல் கிடந்த கண்ணாடி தாங்கவில்லை.

ஆபீசில் தேங்காயெண்ணெய் விளக்கு. முதல் வேலை, ஒரு சாவு. பெயர் நல்லையா, வயது தொண்ணூற்றொன்று, மூன்று நாளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டவர். ஜப்பான்காரன் கணக்கில் அது 2603ஆம் ஆண்டு, நமக்கு 1943. 1852இல் பிறந்த கிழவருக்கு அந்தக் கணக்குப்படி எழுநூற்று ஐம்பத்தொரு வயது... சேதுபதி தனக்குள் சிரித்துக்கொண்டே ரூலரை வைத்தார், சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார், முத்திரையும் குத்தினார்.

கோடு ஒரு வரி தள்ளி விழுந்தது.

அடுத்த அரிசி நாளில் பாக்கியலட்சுமி ஜன்னலுக்கு வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. இவள் செத்துப்போன கிழவரின் மருமகள், விதவை. வீட்டில் அவளைத் தவிர மிச்சம் ஒரே மகன், தேவதாஸ். இருபத்திரண்டு வயது.

“ஐயா, செத்தது எங்க மாமனாரு. நீங்க எம்மவனைச் சாகடிச்சு வெச்சிருக்கீங்க.”

சேதுபதி பதிவேட்டைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தார். தேவதாஸ் பெயர்மேல் சிவப்புக் கோடு. மேல் வரியில் நல்லையா சுகமாக உயிரோடு இருந்தார்.

திருத்தலாம். திருத்தினால் ஜப்பான் அதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டும். போன மாதம் இன்னொரு கிராணி காரணம் சொன்னார். அவருக்கு இடது காது இன்னும் கேட்கவில்லை.

“நாளைக்குப் பார்க்கலாம்மா,” என்றார் சேதுபதி.

அந்த நாளைக்குள் லாரி வந்துவிட்டது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. பதிவேட்டைப் பார்த்து எடுத்த பட்டியலோடு வந்து, காஜா பெராங்கில் மட்டும் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். தேவதாஸை யாரும் கேட்கவில்லை. செத்தவனை எப்படிக் கேட்பது?

மாலையில் பாக்கியலட்சுமி மறுபடி வந்தாள். இந்த முறை குரல் உதட்டைத் தாண்டவில்லை.

“அப்படியே இருக்கட்டும்யா. தொடாதீங்க.”

மகனைக் குருபோங் பக்கம் ஒரு கிழங்குத் தோட்டத்துக் குடிசையில் ஒளித்து வைத்தாள். நல்லையாவின் பங்கு, மூன்று பால் டின் அரிசி, மகனுக்குப் போயிற்று. வாழ்க்கையில் முதன்முறையாகத் தான் செய்த தவறு ஒன்றைப் பற்றி சேதுபதிக்குப் பெருமையாக இருந்தது.

பெருமை இருபது நாள் தாங்கியது.

அரிசி நாள். அதே ஏழு மணி, அதே இருட்டு. சேதுபதி ஜன்னலுக்குள்ளிருந்து பெயர்களை வாசித்தார். “நல்லையா.” வழக்கமாகப் பாக்கியலட்சுமி கையைத் தூக்குவாள்.

“இருக்கேன்...”

வரிசையின் கடைசியிலிருந்து. ஆண் குரல். பல்லில்லாத வாயில் காற்றோடு வழுக்கி வருகிற குரல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் கேட்டதாகவே தெரியவில்லை. பாக்கியலட்சுமி கையைத் தூக்கினாள், அரிசியை வாங்கினாள், போனாள். சேதுபதியின் மூக்கில் மட்டும் ஒரு வாசனை... ஈரச் செம்மண். அப்போதுதான் தோண்டிய மண். அதோடு லேசாகச் சந்தனம்.

பத்து நாள் கழித்து, சாலையிலேயே வந்துவிட்டார்.

டொக்... டொக்... டொக்...

பின்னால் ஊன்றுகோல் சத்தம். சேதுபதி நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. பிறகு... பக்கத்தில் வந்தது.

“கிராணியாரே, வெத்தலை இருக்கா?”

சேதுபதி ஓடவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, கண்ணாடி இல்லாமல் இருட்டில் எங்கே ஓடுவது? “இல்லீங்க,” என்றார். “வெத்தலைக்கும் கார்டு போட்டுடுவானுங்க போல.”

கிழவர் சிரித்தார். மண் வாசனை அடித்தது.

“பெரியவரே... நீங்க இன்னும் போகலையா?”

“பேரு இருக்கே. எப்படிப் போறது?”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னார். ஆபீஸ் வாசல் வந்ததும் சேதுபதி பக்கத்தில் பார்த்தார். யாரும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு அரிசி நாளும் இதுதான். சேதுபதிக்கு ஓரளவு பழகிக்கூடப் போயிற்று. ஒரு நாள் ஊன்றுகோல் சத்தமே கேட்கவில்லை. அப்பாடா என்று திரும்பினார். கிழவர் கோல் இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

அடுத்த முறை, கூன் நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்த முறை சேதுபதி கையிலிருந்த தகர விளக்கைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைத் தலைக்கு அடியில், வேரோடு வேராக, கறுப்பு மயிர். இன்னொரு நாள் இருட்டில், காதுக்குப் பக்கத்தில்... கடக்... கடக்... பாக்குக் கடிக்கிற சத்தம். பல்லே இல்லாதவர்.

அன்றுதான் சேதுபதி கணக்குப் போட்டுப் பார்த்தார்.

தொண்ணூற்றொன்று என்பது நல்லையாவுக்கு அளந்து போட்டு முடிந்தது. அதற்குமேல் ஒருவன் வாழ்ந்தால் அந்த வருஷங்கள் வேறு எங்கிருந்தோ வர வேண்டும். அரிசி மாதிரிதான். ஒருவனுக்குக் கூடப் போட்டால் இன்னொருவன் டின்னில் குறையும். தினமும் செய்கிற வேலை, சேதுபதிக்கு இது தெரியாதா? அவர் கோடு போட்டது யார் பெயரில்? தேவதாஸ் பெயரில்.

அன்று மத்தியானமே சைக்கிளை எடுத்தார். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள். குருபோங் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக அவருக்கு அறிமுகமானது.

தேவதாஸ் பாயில் கிடந்தான். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளித்து, கை நடுங்கிக்கொண்டு. பாயெல்லாம் உதிர்ந்த முடி.

“மலேரியாக் காய்ச்சல்தாங்க ஐயா,” என்றாள் பாக்கியலட்சுமி. “கொயினா மாத்திரை கிடைச்சா எந்திரிச்சுடுவான்.”

காய்ச்சலா... வயசா? சேதுபதி குனிந்து மெதுவாகக் கேட்டார். “தம்பி, பல்லு ஏதாச்சும் ஆடுதா?”

“இருபத்திரண்டு வயசுல பல்லு ஆடுமாங்க?” என்று சொல்லிவிட்டுத் தேவதாஸ் இருமினான். நெடுநேரம் இருமினான்.

இரவு சேதுபதி சாப்பிடவில்லை. “சுந்தரி, ஒருத்தர் வயசை இன்னொருத்தர் எடுத்துக்க முடியுமா?”

“எம் வயசை நீங்க எடுத்துக்கலையா, இருபது வருஷமா?” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாலையிலும் கேட்டுப் பார்த்தார். “பெரியவரே, யாரோட வயசுல இருக்கீங்க?”

“பனி கொட்டுது. தலையில துணி கட்டுங்க.”

அடுத்த முறையும் கேட்டார்.

“புக்கிட் ரம்பாய்ப் பக்கம் நல்ல பாக்கு கிடைக்குதாமே?”

அதற்கடுத்த முறை நல்லையா வெறுமனே சீட்டியடித்துக்கொண்டு வந்தார். இளம் ஆள் அடிக்கிற சீட்டி.

இதற்குள் அடுத்த லாரி எப்போது வருகிறது என்று ஆபீசுக்குத் தகவல் வந்துவிட்டது. இன்னும் நான்கு நாள். சேதுபதி இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் அரிசி நாள். சட்டைப்பையில் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஏழு மணி. சாலை. மண் வாசனை... இப்போது அதில் சந்தனம் இல்லை, வியர்வை இருந்தது. பக்கத்தில் காலடிச் சத்தம், நல்ல அழுத்தமான காலடி. விளக்கைத் தூக்கினார். ஏறத்தாழ அவர் வயதே உள்ள ஓர் ஆள்.

சேதுபதி நின்றார்.

“நல்லையா, கேளுங்க. பையன் பேரை உயிரோட எழுதினா நாளைக்கு லாரி ஏத்திக்கிட்டுப் போயிடும். எழுதாம விட்டா நீங்க அவனைத் தீர்த்துடுவீங்களோன்னு பயமா இருக்கு. சயாமுக்குப் போனவன்லயாவது ஒருத்தன் ரெண்டு பேரு திரும்பி வருவான். நான் இப்பவே அதிகாரிகிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். என்னை என்ன வேணும்னாலும் செய்யட்டும். அதுக்கு முன்னால ஒரே ஒரு பதில். நேரா சொல்லுங்க. நீங்க வாழுறது தேவதாஸ் வயசா?”

நல்லையா பாக்கைத் துப்பினார். பிறகு கையை எடுத்துச் சேதுபதியின் தோள்மேல் வைத்தார். கை சூடாக இருந்தது. நன்றாக உயிருள்ள ஒருவனின் கைச் சூடு.

“பையனுது இல்ல, கிராணியாரே. கோடு அப்படியே இருக்கட்டும். அது உங்க வயசு. நல்ல மனுஷங்கிறதால... மெதுவாத்தான் சாப்பிடுறேன்.”